அட்டைக்குச் செல்லும் மொழி

தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பற்றிக் கணிப்பொறியில் ஒரு காட்சித்தொகுப்பு செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் படத்தைத் தொட்டால் அதில் பொறித்துள்ள வாசகம் தோன்றவேண்டும். ஊர்ப்பெயரைத் தொட்டால் வரைபடம் வரவேண்டும். இப்படி எழுத்தும் படமும் ஒலியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்படி பின்னப்பட்டதே மீயூடகம். இதற்கான நிரலை எந்த மொழியில் எழுதுவது?

எல்லா வேலைக்குமான பொதுமொழியில் எழுதலாம்தான். விரல் பட்ட இடத்தின் ஆயத்தொலைகளைக் கணக்கிடுவதிலேயே பாதி உழைப்பு போய்விடும்! ஆகவேதான் இவ்வேலைக்கென்றே தனிமொழிகள் பிறந்தன. பில் அட்கின்சன் உருவாக்கிய 'ஹைப்பர்கார்டு' என்ற மென்பொருளை ஆப்பிள் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. 2004 வரை விற்றது. அதற்கு டான் விங்க்ளர் அமைத்த மொழி 'ஹைப்பர்டாக்'. அதில் ஒவ்வொரு திரையும் ஓர் அட்டை. 'கோ டு நெக்ஸ்ட் கார்டு' என்று எழுதினால் அடுத்த அட்டை வந்து நிற்கும். வேலைக்குரிய சொல்லே மொழியின் சொல்லாக அமைந்தது அதன் பெருமை.

குறையும் அங்கேதான். ஆங்கிலம்போல் தோன்றுவதால் எந்த ஆங்கில வாக்கியத்தையும் ஏற்கும் என்று மயங்குவோம். 'புட் 5 இன்டு எக்ஸ்' என்றால் ஏற்கும்; கணக்கில் நாம் பழகிய 'எக்ஸ் = 5' என்ற கட்டளையை மறுத்துவிடும். தமிழ்வழியில் படித்தவருக்கு இது இரட்டைச் சுமை.

சொற்களை மட்டும் தமிழாக்கினால் போதுமா? முத்தையா அண்ணாமலை 2009-இல் அறிமுகப்படுத்திய 'எழில்' மொழியைப் பாருங்கள். '@(மதிப்பெண் >= 35) ஆனால்' என்று அதில் எழுதுகிறோம். நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே. நாம் பேசும் வரிசையே! இந்த ஒரு முடிவுக்காகவே அதைப் பாராட்டலாம். 'பதிப்பி "வணக்கம்"' என்னும் இடத்திலோ வினை முன்னே ஓடிவிடுகிறது. ஆங்கில வாடை இன்னும் போகவில்லை. தவிர, எழில் ஒரு பொதுமொழி. அட்டை, இணைப்பு, தொடுதல் இவற்றுக்கு அதில் அடிப்படைச் சொற்கள் இல்லை; அது அதற்காகப் பிறந்ததுமன்று.

நமக்கு வேண்டியது, 'கல்லைத் தொட்டால் வாசகத்துக்குச் செல்' என எழுதக்கூடிய ஒரு சிறுமொழி. எதைத் தொடுவது, எங்கே செல்வது என்பதை ஐ, கு என்ற வேற்றுமை உருபுகளே காட்டிவிடுகின்றன. சிக்கல் என்னவெனில், 'வாசகம்' என்று பெயரிட்ட அட்டையும் 'வாசகத்துக்கு' என்பதும் ஒன்றே எனப் பொறிக்குத் தெரியவேண்டும். தமிழ் இலக்கணம் முழுவதையும் அதற்குப் புகட்டத் தேவையில்லை. அட்டைக்குப் பெயர் வைக்கும்போதே அதன் ஐ, கு வடிவங்களையும் ஆக்கிச் சேமித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு உருபுகளை மட்டுமே ஏற்கும் என்று முதற்பாடத்திலேயே சொல்லிவிடவும் வேண்டும்.