ஐம்பது மார்க்குக்கு வெளியே

பீருக்கு மார்க் போடும் நடுவர்களுக்கென்று 1985இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு உருவானது. அதன் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10, ஆக 50. நடுவர் தன் நாக்குக்குப் பிடித்ததா என்று சொல்வதில்லை. அறிவிக்கப்பட்ட 'வகை'யோடு ஒத்துப்போகிறதா என்றே பார்க்கிறார். பில்ஸ்னரில் புளிப்பு குற்றம். பெல்ஜியத்து லாம்பிக்கில் அதே புளிப்பு குணம். ஆக, புளிப்புக்கென்று தனி அர்த்தம் கிடையாது, பெயர்தான் அர்த்தத்தைத் தருகிறது. பெயர்களும் இயற்கையானவை அல்ல. 1977இல் மைக்கேல் ஜாக்சன் (பாடகரல்ல) என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலிலிருந்து கிளைத்ததே இன்றைய வகைப்பாடு.

லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களால் தானாகப் புளிக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பனையில் கட்டும் கலயத்திலும் அதுதான் நடக்கும். சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எந்த மரத்துக் கள், காலையில் இறக்கியதா, சாயங்காலம் இறக்கியதா, கலயம் கழுவினதா என்று ஒரு மடக்கில் சொல்லிவிடுவார் மரமேறி. "கடுத்துப் போச்சுப்பா" என்பதும் விமர்சனந்தான். அதற்குத் தாள் இல்லை, வழக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பீரையோ 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது.

கள்ளையும் பட்டியலில் சேருங்கள் என்று கெஞ்சுவதல்ல என் நோக்கம். சேர்த்தால் நாளைக்கு மரமேறிக்கே மார்க் போடுவார்கள். தாள் யார் கையில் என்பதே கேள்வி. 'கொச்சை' என்று நாம் தள்ளிவைத்த எழுத்துகளை எந்த வகையோடு ஒப்பிட்டுத் தள்ளினோம்? இலக்கிய நடுவர்கள் சொல்லட்டும்.