பரிபாடலும் நிலத்தோற்றமும்

பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார், வான், வளி, தீ, மழை, நிலம் என்னும் முறையில் ஊழிகளை அடுக்கிக் கூறுகின்றார். இதுகொண்டு, இக்கால அறிவியலை அவர் முன்னரே உணர்ந்தார் எனக் கொள்வாருளர். அது பொருந்துமாறில்லை.

நிலவுலகு தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆயின. மேலை ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளிற் கிடைத்த சிர்க்கான் மணியொன்று 440 கோடி ஆண்டுப் பழமையுடையது. அக்காலத்தே நீரும் இருந்திருக்கலாம் என 2001இல் வெளிவந்த ஆய்வுகள் கருதின. அறிவியல் கூறும் முறையில் பாறை முந்தியது, கடல் பிந்தியது. பாடலிலோ வெள்ளத்துள் மூழ்கிய நிலம் இறுதியில் மீண்டெழுகின்றது. உயிர் தோன்றியவாறு யாது என்னும் வினா, 1953இல் மில்லர் வெளியிட்ட சோதனை முடிவுகளுக்குப் பின்னரும் முற்றும் விடைபெறவில்லை. பாடலின் இப்பகுதி அவ்வினாவை எழுப்பவுமில்லை.

புலவர் பாடியது ஊழிதோறும் நிலைபெறும் திருமாலின் தொன்மையை. அதனை விடுத்து அறிவியற் சான்று தேடுதல் பாடலுக்குச் சிறப்பன்று, அறிவியலுக்கும் அன்று.