கோபித்தாலும் கேட்கிறோம்

சிங்காநல்லூர் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் நேற்றுச் சாயங்காலம் ‘இளைய நிலா’ ஒலித்தது. முதல் கிடார் மீட்டலுக்கே டீ ஆற்றிய கை ஒரு கணம் நின்றது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்த இளையராஜா பாட்டு.

“எண்பதுகளோட அவரு காலம் முடிஞ்சுதுங்கய்யா” என்றார் ஓர் இளைஞர். மில்லிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் விடவில்லை. “அப்படிச் சொல்லாத கண்ணு. 2025-ல லண்டன்ல சிம்பொனி அரங்கேத்துனாருல்ல?”

எனக்கும் மனத்தாங்கல் உண்டு. 2017-இல் அவரிடமிருந்து பாடகர் எஸ்.பி.பி.க்குப் பாட்டுரிமை நோட்டீஸ் போனபோது, வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டை போட்டதுபோல் வலித்தது. படைத்தவனுக்கு உரிமை வேண்டும் என்பதும் நியாயம்தான். உழைப்பாளிகளைப் பாடிய ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனிடம் 2022-இல் டிக்கெட் விலைக்காகக் கோபித்த அமெரிக்க ரசிகர்களும் நம் உறவுக்காரர்களே.

பண்ணைப்புரத்திலிருந்து வந்து 1976-இல் ‘அன்னக்கிளி’யில் நம் வயற்காட்டு மெட்டைத் திரைக்கு ஏற்றியவர் இளையராஜா. டீக்கடையில் அந்தக் கிடாருக்குப் பின்னால் புல்லாங்குழல் மெல்ல எழும்போது வாக்குவாதம் தானாக அடங்கியது. பஸ் வந்தும் இருவரும் ஏறவில்லை. பாட்டு முடியட்டும் என்று நின்றார்கள்.

உரிமை இருக்கும் இடத்தில்தானே கோபமும் வரும்?