கிளிக்கு எந்த இடம்?

கல்வியைப் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணத்தான் தெரியும், புரிஞ்சு படிக்கத் தெரியாது." மேடையில் இருப்பவர் சொல்வார், கீழே இருக்கிற நாம் தலையாட்டுவோம். கிளிப்பிள்ளை என்ற சொல்லும் கூடவே வரும். நானும் பல வருஷம் தலையாட்டியவன்தான். இப்போது அந்த வாக்கியத்தில் பாதிக்கு மேல் தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

சந்தேகம் வந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணால். காரைக்குடியில்தான் பி.காம். படிக்கிறாள். காஸ்ட் அக்கவுண்டிங், கம்பெனி லா இரண்டிலும் அரியர். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவர். முறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை போட்டு விற்றுப் படிக்க வைக்கிறார். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் பூராவும் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு.

"எத்தனை தடவை படிச்சத்தா?"

"ஆறு தடவை அண்ணே."

நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு, "மார்ஜினல் காஸ்டிங்னா என்ன, சொல்லு பாப்போம்" என்றேன். முதல் வாக்கியத்தில் நாலு சொல் வந்தது. அப்புறம் கண் கூரைக்குப் போயிருச்சு.

இதைப் பார்த்து "பாரு, மனப்பாடத்தோட லட்சணம்" என்று சொல்லத்தான் வாய் வரும். கொஞ்சம் நிதானித்தால் வேறு ஒன்று தெரியும். மனப்பாடமாக அந்தப் பெண்ணிடம் எதுவுமே இல்லை. ஆறு தடவை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். பாடம் நோட்டில் இருந்தது. மனசுக்கு வரவே இல்லை. மனப்பாடம் கெடுத்துவிட்டது என்று நாம் புலம்புகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மனப்பாடம் செய்வதே இல்லை என்பதுதான் என் முதல் புகார்.

இந்த இடத்தில் நன்னூலை எடுத்துப் பார்த்தேன். பவணந்தி முனிவரின் இந்த நூலை 13ஆம் நூற்றாண்டு என்று கொள்வது வழக்கம். அதன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார். தலைமாணாக்கர்: அன்னமும் பசுவும். இடை மாணாக்கர்: மண்ணும் கிளியும். கடை மாணாக்கர்: ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. கவனித்தீர்களா? நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிற கிளி கடைசி வரிசையில் இல்லை. சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும், அதற்கு மேல் போகாது. ஆனாலும் கேட்டால் சொல்லும். அதனால் நடு வரிசை.

கடைசி வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள். ஓட்டைக்குடம், ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும். தேர்வுக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படித்துவிட்டு மறுவாரம் ஒன்றும் ஞாபகம் இல்லை என்பவர் இவர். ஆடு ஒரு செடியில் நின்று வயிறு நிரப்பாது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' தாளை வைத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகத் தாவுகிறவர் இவர். நெய்யரி என்பது பன்னாடை. நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் எண்பது சதவீதத்துக்கு மஞ்சள் கோடு போடுகிறவரை நான் இதில்தான் சேர்ப்பேன். ஆக, நம் பிள்ளைகள் கிளியாக இருப்பது பிரச்சினை இல்லை. கிளி அளவுக்குக்கூட வர விடாமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

முதல் வரிசைப் பசுவையும் விட்டுவிடக் கூடாது. புல் கண்ட இடத்தில் வயிறார மேயும், பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். உள்ளே போனதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவருவதுதான் அசைபோடுதல். புல்லை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருவது அல்ல.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்றையும் பவணந்தி சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். கேட்பது கால், கூடிப் படிப்பது கால், சொல்வது அரை. நம் கல்லூரிப் படிப்பில் இந்த அரைப் பங்குக்கு இடமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தமிழ் படிக்கிற மாணவர்களுக்கு இந்த நூற்பாவே பாடம்தான். 'நன்னூல் கூறும் பாடங்கேட்டலின் வரலாறு' என்று பக்கம் நிரப்பிவிட்டு வருகிறார்கள், யாருக்கும் வாயைத் திறந்து சொல்லிப் பார்க்காமலே.

'பழசு என்பதால் புகழ்கிறான்' என்று யாராவது நினைக்கலாம். அதனால் நம் காலத்துச் சோதனை ஒன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. எல்லாரும் சிறு கட்டுரை ஒன்றைப் படித்தார்கள். பிறகு ஒரு முறையில் அதையே மறுபடி படிக்க வேண்டும். இன்னொரு முறையில் தாளை மூடிவிட்டு ஞாபகம் வருவதை எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததில் 81 சதவீதம் ஞாபகம் இருந்தது. மூடிவைத்து எழுதியதில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழ்: படித்ததில் 42, எழுதியதில் 56.

இதில் முதல் எண்ணைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஐந்து நிமிஷத்துக்குள் பார்த்தால் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் ஜெயிக்கிறது! அதனால்தான் பிள்ளைகள் அதை விடுவதில்லை. நோட்டை மூடின உடனே எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தெம்புதான் ஏமாற்று. மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால் திக்கும், எரிச்சல் வரும், 'எனக்கு ஒண்ணுமே தெரியலை' என்று தோன்றும். அந்தத் திக்கல்தான் படிப்பு. 2013இல் டன்லோஸ்கி என்பவரும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு வெளியிட்ட நீண்ட கட்டுரையில், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மேல்தரம் பெற்றன. கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் கீழ்த்தரத்தில்.

நம் ஊர்ப் பக்கம் இந்தச் சொல்லிப் பார்க்கிற பழக்கம் புதிதா என்ன? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் வாய்விட்டுச் சொல்லித்தான் படித்தார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இந்தப் பின்னங்களின் பெருக்கல் எல்லாம் வாயில் இருக்கும். சட்டாம்பிள்ளை சொல்லிக் கொடுப்பான், கேட்பான், சின்னவன் ஒப்பிப்பான். ஒப்பிக்கிறவனைவிடக் கேட்கிற சட்டாம்பிள்ளைக்குத்தான் பாடம் நன்றாக ஏறும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை இங்கே உள்ளூர்ப் பள்ளியில் பார்த்துத் தானும் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கிற ஏற்பாட்டையும் நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வாங்கியது.

செட்டிநாட்டில் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாகப் போன சிறுவர்கள் இந்த மனக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டால் வாயால் சொல்ல வேண்டும். இன்றைக்கும் காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்குப் போனால் தாளே இல்லாமல் பாட்டுக்கு மேல் பாட்டாகச் சொல்கிற பேச்சாளர்களைக் கேட்கலாம். அவர்களுக்கு அபூர்வ மூளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வருஷக்கணக்கில் சபைக்கு எடுத்துச் சொன்னதால் தங்கியது அது. பவணந்தியின் அரைப் பங்கு.

திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்த புதுச்சேரி த. செந்தில்பாபு, அங்கே நினைவு என்பது இயந்திரத்தனமான உருப்போடல் அல்ல, அதுவே ஒரு கற்கும் முறை என்று வாதிடுகிறார். எனக்கு இது சரி என்று படுகிறது. ஆனால் அந்தத் திண்ணையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிற ஆள் நான் இல்லை. பிரம்பு இருந்தது. கோதண்டம் போட்டார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடம் இல்லை, பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்குப் பிறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது மூடிவைத்துச் சொல்கிற பழக்கத்தை மட்டும்.

சரி, பிள்ளைகள் ஏன் அதைச் செய்வதில்லை? சோம்பேறித்தனம் என்று முடித்துவிடலாம். வினாத்தாளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. நம்ம பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பழகிப்போன 75 மதிப்பெண் தாளை எடுங்கள். பத்து இரண்டு மார்க், யூனிட்டுக்கு இரண்டு. ஐந்து ஐந்து மார்க், ஒவ்வொரு யூனிட்டிலும் 'அ அல்லது ஆ'. ஐந்து பத்து மார்க்கில் ஏதாவது மூன்று. இப்போது இரண்டே யூனிட் மட்டும் படித்தவளுக்குக் கணக்குப் போடுவோம்: 8, 10, 20. மொத்தம் 38. பாஸுக்கு 40 சதவீதம் என்றால் 30 போதும். மூன்று யூனிட் படித்தால் 57. ஐந்தில் இரண்டு யூனிட்டைத் திறக்காமலே முதல் வகுப்பு! ஆடாக இருப்பதற்குத் தாளே கூலி கொடுக்கிறது. தாளை இப்படி வைத்துக்கொண்டு மேடையில் ஏறிப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமா?

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் ஒரு தலைப்பு, நோட்டை மூடிவிட்டு, அம்மா பலகாரம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். மூணு நாள் விட்டு அதையே மறுபடி சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு என்ன அண்ணே புரியும்?" என்றாள்.

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. நிலையான செலவு, மாறும் செலவு என்று இவள் திக்கித் திணறும்போது அவர் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாராம்: "அதான்டி, கொட்டகை வாடகை ஒரு சீடை விக்கலைன்னாலும் குடுத்துத்தான் ஆகணும். மாவும் எண்ணெயும் போடப் போடத்தானே கரையும்." அங்கேயே கணக்கும் போட்டார்கள். வாடகையும் மற்றதுமாக மாசம் 6,000. கிலோ 400க்கு விற்றால் மாவு, எண்ணெய், கேஸ் 280. கையில் நிற்பது 120. 50 கிலோ விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை. அதற்கு மேல்தான் லாபம். பிரேக் ஈவன் பாயின்ட்! ஆறு தடவை மஞ்சள் கோடு போட்டு வராதது சீடைச் சட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதலில் மனப்பாடம், அப்புறம் புரிதல் என்றோ, முதலில் புரிதல், அப்புறம் மனப்பாடம் என்றோ அங்கே வரிசை இல்லை. சொல்லும்போது இரண்டும் ஒன்றாக நடந்தது.

இங்கேயே முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங்கில்தான் தேறினாள். கம்பெனி லா மறுபடி போச்சு. அதையும் அவள் தமிழில் நன்றாகவே சொன்னாள், நானே கேட்டேன். தேர்வு ஆங்கிலத்தில். கணக்கு என்றால் எண்கள் கை கொடுக்கும். சட்டத்துக்கு வாக்கியம் வேண்டும். பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு நாலு ஆங்கில வாக்கியத்தைச் சொந்தமாகக் கட்டத் தெரியாது. அப்போது நோட்டில் உள்ள வாக்கியத்தை அப்படியே உருப்போடுவதைத் தவிர வேறு வழி என்ன? 'புரிஞ்சு படி, உன் சொந்த வாக்கியத்தில் எழுது' என்கிற அறிவுரை சொந்த வாக்கியம் உள்ளவர்களுக்குத்தான் செல்லும். ரோடிகரின் சோதனையும் இந்த இடத்தில் உதவாது. படித்த மொழியிலேயே எழுதியவர்கள் அந்த மாணவர்கள். என்னுடைய யோசனையிலும் ஓட்டை அதேதான்: தமிழில் சொல்லிப் பழகியவள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகவில்லை. அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இப்போது ஏப்ரல் தேர்வுக்கு முறையை மாற்றியிருக்கிறோம். சாயங்காலம் அம்மாவிடம் தமிழில் சொல்வது, காலையில் நோட்டைப் பார்க்காமல் அதையே அஞ்சு வரி ஆங்கிலத்தில் எழுதுவது. தப்பும் தவறுமாகத்தான் வருகிறது. அந்த அஞ்சு வரியைத் திருத்தித் தருவது என் வேலை. ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது: ஹைலைட்டர்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள், படம் வரைய.

அடுத்த கூட்டத்தில் யாராவது கிளிப்பிள்ளை என்று ஆரம்பித்தால் இந்தத் தடவை தலையாட்டப் போவதில்லை. அந்தக் கிளியை யார் எந்த மொழியில் எத்தனை நாள் பேச விட்டீர்கள் என்று கேட்கப் போகிறேன்.