புகை குறைந்தது, நிமோனியா குறையவில்லை

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் விறகடுப்பில் சமைத்துவந்த கர்ப்பிணிகளில் ஒரு பாதியினருக்குக் கேஸ் அடுப்பு இலவசமாகக் கிடைத்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை சிலிண்டரும் வீடு தேடி வந்தது. மறுபாதியினர் வழக்கம்போல் விறகிலேயே சமைத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. ‘ஹேப்பின்’ என்ற இந்த ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் நடந்தது. மொத்தம் சுமார் 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். இந்தியப் பகுதியை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம்.

நிமோனியா பற்றிய முடிவு 2024இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. விறகு வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த காற்றில் நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 66 மைக்ரோகிராம். கேஸ் வீட்டுக் குழந்தைகளுக்கு 24.2. இவ்வளவு பெரிய இறக்கத்தை இதற்கு முந்தைய அடுப்பு ஆய்வுகள் எட்டியது அரிது. ஆனால் கடும் நிமோனியா, 100 குழந்தைகளை ஓராண்டு கண்காணித்தால் விறகுப் பிரிவில் 6.06, கேஸ் பிரிவில் 5.67. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

இந்த முடிவை இரண்டு விதமாக அவசரப்பட்டு வாசிக்கிறார்கள். அடுப்புப் புகையைப் பற்றிய பயமே மிகை என்பது ஒன்று. 24 என்பதும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 5 மைக்ரோகிராமைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு, இன்னும் இறக்கியிருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் உண்மை இருக்கலாம். பக்கத்து வீட்டு விறகும் தெருவில் எரியும் குப்பையும் கேஸ் வாங்கிய வீட்டுக்குள்ளும் வரத்தான் செய்யும். ஆனாலும் இந்தச் சமாதானத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ‘இன்னும் குறைத்திருக்க வேண்டும்’ என்றே பதில் சொன்னால், அந்தக் கருத்தைப் பொய்யென்று நிரூபிக்க எந்த ஆய்வாலும் முடியாது. சோதித்துப் பார்க்க முடியாத கருத்துக்கு அறிவியலில் இடமில்லை.

பழைய ஆய்வுகளை நாம் வாசித்த விதத்திலும் பிசகு உண்டு. கிர்க் ஸ்மித் குழுவினர் குவாத்தமாலா மலைப்பகுதியில் 534 வீடுகளில், புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொண்டு நடத்திய ‘ரெஸ்பையர்’ ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதன் முதன்மைக் கேள்வி, மருத்துவர் உறுதிசெய்த நிமோனியா குறைகிறதா என்பது. பழைய அடுப்பு வீடுகளோடு ஒப்பிட்ட விகிதம் 0.84 (1 என்றால் வித்தியாசமே இல்லை), ஆனால் நம்பக எல்லை 0.63 முதல் 1.13 வரை, அதாவது தற்செயலாகவும் இருக்கலாம். கடும் நிமோனியாவில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு தென்பட்டது. ஊர் முழுக்கப் பேசப்பட்டது அந்த இரண்டாவது எண்தான். பிறகு மலாவியில் 10,750 குழந்தைகளிடம் மேம்பட்ட விறகடுப்பைச் சோதித்தபோது விகிதம் 1.01 என வந்தது. பலன் துளியும் இல்லை. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஹேப்பின் முடிவு அதிர்ச்சி தருவதல்ல.

இருந்தும் ஹேப்பினுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதில் பதிவான கடும் நிமோனியா மொத்தமே 175. எனவே விகிதம் 0.96 என்றாலும் அதன் எல்லை 0.64இலிருந்து 1.44 வரை அகன்று கிடக்கிறது. மூன்றில் ஒரு பங்குக் குறைவையும் இந்த ஆய்வு மறுக்கவில்லை, கணிசமான அதிகரிப்பையும் மறுக்கவில்லை. ‘பலன் தெரியவில்லை’ என்பதுதான் இங்கே சரியான வாசகம். ‘பலன் இல்லை’ என்று எழுதியவர்கள் ஒரு படி தாண்டிவிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தெற்கு கலிபோர்னியா நிற்கிறது. அங்கே ஐந்து ஊர்களில், மூன்று வெவ்வேறு காலங்களில் வளர்ந்த 2,120 பிள்ளைகளின் நுரையீரலை ஊதிப் பார்க்கும் கருவியால் அளந்தார்கள். காற்று சுத்தமாக ஆக, 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்தவர்கள் 7.9 சதவீதத்திலிருந்து 6.3 ஆகி, பின் 3.6 ஆனார்கள். இங்கே குலுக்கல் கிடையாது. காலம் மாறும்போது வேறு எவையெல்லாமோ மாறியிருக்கும் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் ஒரு வீட்டின் அடுப்பல்ல, ஊரின் காற்றே மாறியது. பார்த்ததும் ஓராண்டுத் தொற்றையல்ல, பல ஆண்டு வளர்ச்சியை.

ஆகவே என் தீர்ப்பு இது: ஒரு வீட்டில் மட்டும் அடுப்பை மாற்றினால் கைக்குழந்தையின் நிமோனியா குறையும் என்ற வாக்குறுதியை, வலுவான புதுச் சான்று வரும்வரை கைவிட வேண்டும். உஜ்வலா போன்ற அரசின் கேஸ் இணைப்புத் திட்டங்களுக்கு ஆதரவு தேடும்போது அந்த வாக்குறுதியை முன்வைப்பது நேர்மையாகாது. மாசு நுரையீரலின் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்ற கூற்றை ஹேப்பினின் நிமோனியா முடிவு தொடவே இல்லை. அது அசையாமல் நிற்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்களைப் பற்றிய சான்று இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குவாத்தமாலாவின் ரெஸ்பையர் ஆய்வில் அவர்களுக்கு இளைப்பு பாதிக்கும் மேல் குறைந்தது, நுரையீரல் அளவீட்டில் மாற்றம் தெரியவில்லை. புது அடுப்பு கிடைத்ததை அறிந்தவர்களே இளைப்பைச் சொன்னார்கள் என்பதால் அந்த எண்ணை நான் பாதி எடையோடுதான் எடுத்துக்கொள்வேன். அடுத்த ஆய்வு தெரு முழுக்க ஒரே நேரத்தில் எரிபொருளை மாற்ற வேண்டும். குழந்தைகளைப் பள்ளி முடிக்கும்வரை பின்தொடர வேண்டும்.