புது மாத்திரை யாருக்கு நல்லது?

முதல்ல ஒரு சொல் பிரச்சினை. "ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை"ன்னு எல்லாரும் சொல்றோம். உண்மையில் ரத்தம் மெலிவதில்லை. உறையும் தன்மைதான் குறைகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கின்றன. இடது மேலறையின் ஓரப்பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரைகள்.

என் பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. பல வருஷமாக வார்ஃபரின். மாசாமாசம் ஐஎன்ஆர் பரிசோதனை, கீரையில் கட்டுப்பாடு. போன மாசம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "இன்னுமா இந்தப் பழைய மாத்திரை? இப்போ புதுசு வந்தாச்சே, டெஸ்ட்டே வேண்டாமே" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தார். அதனால்தான் இந்தக் குறிப்பு.

உறவினர் சொன்னதில் பாதி சரி. 2009-இல் வந்த ரீ-லை ஆய்வு (18,113 பேர், டபிகாட்ரான்), 2011-இல் வந்த அரிஸ்டாட்டில் ஆய்வு (18,201 பேர், அபிக்ஸபான்) இரண்டும் பெரிய ஆய்வுகள். அரிஸ்டாட்டிலில் பக்கவாதமும் உறைகட்டி அடைப்பும் ஆண்டுக்கு 1.60 சதவீதத்திலிருந்து 1.27 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 3.09-இலிருந்து 2.13 ஆனது. மூளைக்குள் கசிவதும் நன்றாகவே குறைந்தது. இது நிஜமான முன்னேற்றம்தான், மறுக்கவே இல்லை.

ஆனா இந்த ஆய்வுகளில் யார் *இல்லை* என்று பார்க்கணும். மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. பணக்கார நாடுகளில் அந்த நோய் அருகிவிட்டது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் இருக்கிறது. ஆக, பெரியம்மா மாதிரி ஆட்களைத் தவிர்த்துவிட்டு எடுத்த முடிவை, பெரியம்மாவுக்கே சிபாரிசு செய்கிறோம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இன்விக்டஸ் ஆய்வு (2022). ருமாட்டிக் இதயநோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள 4,531 பேர். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த 24 நாடுகள். சராசரி வயது 50.5, முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். ரிவரோக்ஸபான் தோற்காது என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. பக்கவாதம், அடைப்பு, மாரடைப்பு, மரணம் எல்லாம் சேர்த்த கணக்கில் ரிவரோக்ஸபான் பக்கம் 2,275 பேரில் 560, பழைய மருந்துப் பக்கம் 2,256 பேரில் 446. மரணம் மட்டும் பார்த்தால் 552-க்கு 442. ரத்தக்கசிவும் பழைய மருந்தில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

இந்த முடிவையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது. ரிவரோக்ஸபானை நடுவில் நிறுத்தியவர்களும் அதிகம். மரண வித்தியாசம் பெரும்பாலும் திடீர் மரணத்திலும் இதயச் செயலிழப்பிலும்தான் வந்தது. உறைதலை மட்டும் வைத்து அதை விளக்குவது கஷ்டம். ஐஎன்ஆருக்காக மாசாமாசம் டாக்டரைப் பார்த்ததே உதவியிருக்கலாம் என்ற வாதமும் இருக்கிறது. அப்படியே இருந்தாலும் என்ன? "டெஸ்ட்டே வேண்டாம்" என்பதை வசதியாக விற்கிறோமே, அந்த வசதியிலேயே ஒரு இழப்பும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்!

புதுசு என்றாலே மேல் என்பதற்கு இன்னொரு அடியும் விழுந்தது. காரணி 11-ஐத் தடுக்கும் அசுண்டெக்சியானை அபிக்ஸபானோடு ஒப்பிட்ட ஆய்வை 2023-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரத்தக்கசிவு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் அடைப்பும் 0.4 சதவீதத்துக்குப் பதில் 1.3 சதவீதம். கசிவு குறைவதும் காப்பு கிடைப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

வால்வு நோய் இல்லாத பெரும்பாலானவர்களுக்குப் புதிய மருந்துகள் உண்மையிலேயே நல்ல தேர்வு. மற்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி: "அந்த ஆய்வில் என்னை மாதிரி ஆள் இருந்தாரா?" மருந்தைத் தானாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது, டாக்டரிடம் கேட்கணும். பெரியம்மா கேட்டார். வார்ஃபரினே தொடர்கிறது. அடுத்த ஐஎன்ஆர் வர்ற வெள்ளிக்கிழமை. கூட நான்தான் போகிறேன்.