ராஜன் யாரை ஏமாற்றினான்?

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாத படம். 1943 அக்டோபரில் மெட்ராசில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள், ரேடியோ என்ஜினீயர் ராஜன் செத்துக் கிடக்கிறான். ஜப்பானுக்கு ரகசியம் விற்றவன். உடன்பிறந்தவனுக்கும் காதலிக்கும் அவன்மேல் ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஆனால் வெடித்தது, நம்பிக் கட்டிக்கொண்ட உஷாவின் கைத் துப்பாக்கி.

தன் கண்டுபிடிப்பைச் சர்க்கார் மதிக்கலையே என்று ராஜனாக சிவாஜி குமுறும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். குறை நிஜம்தான். ஆனால், எங்கள் காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் கரை நாடாவைத் தள்ளணும். கூலிச் சண்டை முதலாளியோடு. அதற்காகக் கூட உட்கார்ந்தவரின் இழையை யாரும் அறுப்பதில்லை. ராஜனின் சண்டை சர்க்காரோடு. அவன் அறுத்தது உஷாவை.